7 வயசு 9 மாசப் பொண்ணுக்கு மார்பு வளர்ச்சி, கூடவே கட்டுக்கடங்காத கோபம்: எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

எம்கேபிநகர்_அம்மா:

பொண்ணு மூணாம் கிளாஸ் படிக்கிறா. வயசு 7 வருஷம் 9 மாசம். உயரம் 131 செ.மீ., எடை 34 கிலோ. போன வருஷம் இதே மாசம் ஸ்கூல் ஹெல்த் கார்டுல 122 செ.மீ.ன்னு எழுதியிருக்கு. இடது மார்புல காம்புக்கு அடியில புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியா தட்டுப்படுது, தொட்டா வலிக்குதுன்றா. வலது பக்கம் எதுவும் இல்ல. அக்குள்ல பெரியவங்களுக்கு வர்ற மாதிரி வேர்வை நாத்தம். முடி வரல, வெள்ளைப்படுதல் இல்ல. நான் வயசுக்கு வந்தது 12-ல. என் உயரம் 152, அவங்கப்பா 166.

உடம்பு இப்படின்னா குணம் அதுக்கு மேல. தம்பியப் போட்டு அடிக்கிறா. கையில கிடைச்சதைத் தூக்கி வீசுறா. இந்த வெயில்லயும் ஜாக்கெட்டைக் கழட்ட மாட்டேன்றா. டியூஷன் கிளம்பச் சொன்னா வயித்துவலின்னு சுருண்டு படுத்துக்கிறா. கிளாஸ்ல ஒரு பையனை அறைஞ்சுட்டான்னு மிஸ் கூப்பிட்டுச் சொன்னாங்க.

தெருவுல எல்லாரும் "பிராய்லர் கோழியை நிறுத்து"ன்றாங்க. மாமியார் உளுந்தங்களி கிண்டிக் குடுன்றாங்க. ஒரு கிளினிக்ல கட்டியை ஊசி குத்திப் பார்த்துடலாம்னாங்க. என்ன டெஸ்ட், எங்க போகணும், இந்தக் கோபம் எல்லாம் ஹார்மோன்தானா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குழந்தைநலம்_பெரம்பூர்:

முதலில் ஊசி விஷயம். அதை நிறுத்துங்கள். காம்புக்கு நேர் அடியில், வட்டமாக, அமுக்கினால் வலிக்கிற மாதிரி இந்த வயதில் தட்டுப்படுவது பெரும்பாலும் மார்பு மொட்டு. ஒரு பக்கம் முதலில் வந்து மறுபக்கம் சில மாதம் கழித்து வருவது சகஜம். அதைக் கட்டி என்று நினைத்துக் குத்தினாலோ வெட்டி எடுத்தாலோ அந்தப் பக்கம் பிற்காலத்தில் மார்பு சரியாக வளராமலே போகலாம். சந்தேகம் இருந்தால் சாதாரண ஸ்கேன் போதும்.

எடை கூடின பிள்ளைகளிடம் கொழுப்பும் மார்பு போலவே தெரியும். பிரித்துப் பார்க்கும் முறை இது. மல்லாக்கப் படுக்க வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் மெதுவாகக் காம்பை நோக்கிக் கூட்டுங்கள். மொட்டு என்றால் விரலுக்கு நடுவே ஒரு தட்டையான கெட்டி வரும். கொழுப்பு என்றால் காம்புக்கு அடியில் ஒன்றும் தடுக்காது. இதை ஒரு முறை பார்த்தால் போதும். தினமும் தொட்டுப் பார்ப்பது பிள்ளைக்கு அவமானம், வலியும் கூட.

பெண் குழந்தைக்கு 8 வயது முடியும் முன் மார்பு வளர்ச்சி தொடங்கினால் அதை முன்கூட்டிய பூப்பு என்று வைத்துக்கொண்டு ஆராய வேண்டும் (பூப்பு என்று நான் சொல்வது மாதவிடாயை மட்டும் அல்ல, உடம்பு பருவம் மாறத் தொடங்குவதை). ஆண் பிள்ளைக்கு அந்தக் கோடு 9. வேர்வை நாற்றம், அக்குள் முடி, அடிவயிற்று முடி ஆகியவை சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியின் வேலை. அவை மட்டும் தனியாக வந்தால் பூப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. மார்பும் உயர வேகமும் சேர்ந்து வரும்போதுதான் கணக்கு மாறும்.

உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது அந்த 122-லிருந்து 131. இந்த வயதில் வருஷத்துக்கு 5 முதல் 6 செ.மீ. வளர்வதுதான் வழக்கம். 9 என்றால் பூப்புக் கால வேகம். ஆனால் ஸ்கூல் கார்டில் ஷூவோடு அளந்திருக்கலாம், இரட்டைப் பின்னல் கொண்டையைச் சேர்த்து அளந்திருக்கலாம். வீட்டில் நீங்களே அளந்து வையுங்கள். காலையில், வெறுங்காலில், முடியை அவிழ்த்து, குதிகாலும் பின்புறமும் சுவரில் ஒட்ட நிறுத்தி, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்கோணமாக வைத்துக் கோடு போடுங்கள். சாயங்காலம் அளந்தால் முதுகெலும்பு அமுங்கி ஒரு செ.மீ. வரை குறையும். அதனால் எப்போதும் ஒரே நேரம், 3 மாதத்துக்கு ஒரு முறை.

பரிசோதனைகளில் முதலாவது இடது கை எக்ஸ்ரே. விரல் நுனிகளிலிருந்து மணிக்கட்டு வரை முழுசாக விழ வேண்டும். மணிக்கட்டை மட்டும் எடுத்துக் கொடுத்தால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். அதில் எலும்பு வயது, அதாவது எலும்பு எந்த வயதுக்கு உரிய அளவு முதிர்ந்திருக்கிறது என்று தெரியும். அடுத்து காலை ரத்தத்தில் எல்.எச்., எஃப்.எஸ்.எச். (பூப்பைத் தூண்டும் ஹார்மோன்கள்), டி.எஸ்.எச். (தைராய்டு நிலையைக் காட்டுவது). பிறகு வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் அடிவயிற்று ஸ்கேன், சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது. கர்ப்பப்பை நீளம் 3.5 செ.மீ.க்கு மேல் போயிருந்தால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். உள்ளே கருவி வைத்துப் பார்க்கும் ஸ்கேன் குழந்தைக்குச் செய்யக் கூடாது, தேவையும் இல்லை.

டி.எஸ்.எச். எதற்கு என்று கேட்பார்கள். தைராய்டு கடுமையாகக் குறைந்தாலும் மார்பு வளரும், ரத்தப்போக்கே வந்துவிடும். அப்படியானால் உயரம் மட்டும் நின்றுபோயிருக்கும், எலும்பு வயதும் பின்தங்கியிருக்கும். தைராய்டு மாத்திரை கொடுத்தாலே எல்லாம் திரும்பிவிடும். உங்கள் பெண் உயரமாகிக்கொண்டிருப்பதால் அது வாய்ப்புக் குறைவு, இருந்தாலும் பார்க்காமல் விடக் கூடாது. உடம்பில் பால்காப்பி நிறத்தில், ஓரம் கரடுமுரடான பெரிய மச்சத் திட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அது வேறு வகைப் பூப்பு.

போக வேண்டிய இடம்: ராயபுரம் பக்கம் ஸ்டான்லி மருத்துவமனையின் குழந்தைகள் புறநோயாளி பிரிவு உங்களுக்குக் கிட்டம். எக்ஸ்ரேயும் முதல் ரத்தமும் அங்கேயே பார்க்கலாம். மேற்கொண்டு தேவைப்பட்டால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது ஹெல்த் கார்டு, பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் உயரம், நீங்கள் வயதுக்கு வந்த வயது ஆகியவை கையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, குணம் சம்பந்தப்பட்டது. காரணமே இல்லாமல், சந்தோஷம் இல்லாத ஒரு சிரிப்பு, சில விநாடிகள், ஒரே மாதிரி, நாளைக்குப் பல தடவை வருகிறதா? அந்த நேரம் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறாளா? மூளையின் ஹைப்போதலாமஸில் பிறவியிலேயே இருக்கும் ஹமார்ட்டோமா என்ற திசுத் திரட்சி மூன்றையும் கொண்டுவரும்: சிரிப்பு வலிப்பு, வெறித்தனமான கோபம், சீக்கிரப் பூப்பு. அபூர்வம்தான். பெரும்பாலும் இதைவிடச் சின்ன வயதிலேயே வந்துவிடும். ஆனால் "சேட்டை" என்று வருஷக்கணக்கில் தவறவிடப்படுவது இதுதான். சந்தேகம் என்றால் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

பள்ளி_ஆலோசகர்_தண்டையார்பேட்டை:

டாக்டர் உடம்பைச் சொல்லிவிட்டார். குணத்தை நான் தனியாகப் பிரித்துப் பேசுகிறேன், ஏனென்றால் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் இரண்டுமே கெடும். "எல்லாம் ஹார்மோன், ஊசி போட்டா சரியாயிடும்" என்று காத்திருக்கிற வீடுகளில் பிள்ளை அடி வாங்கிக்கொண்டே இருக்கும். பூப்பை நிறுத்தும் ஊசி கோபத்துக்கான மருந்து இல்லை.

ஹார்மோன் கொஞ்சம் எரிச்சலைக் கூட்டும், மறுக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம், மற்றவர்கள் அந்த உடம்பைப் பார்த்து நடந்துகொள்ளும் விதம். 131 செ.மீ. உயரத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்க்கிறவர்கள் 9, 10 வயது என்று நினைப்பார்கள். "இவ்ளோ பெரிய பொண்ணு, இதுக்கெல்லாம் அழலாமா" என்பார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், கடைக்கு அனுப்புவார்கள், உயரம் என்று கடைசி பெஞ்சில் உட்காரவைப்பார்கள். மூளைக்கும் மனசுக்கும் வயது 7 வருஷம் 9 மாசம்தான். பொம்மை, கதை, அம்மா மடி இன்னும் வேண்டிய வயது. எதிர்பார்ப்பை உயரத்தை வைத்து அல்ல, பிறந்த தேதியை வைத்து வையுங்கள்.

ஜாக்கெட்டைக் கழட்டாதது வெட்கம். மார்பு வலிக்கிறது, யாராவது இடித்துவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. ஓடிப்பிடித்து விளையாடாமல் ஒதுங்குவதும், தோளைக் குறுக்கி நடப்பதும் அதனால்தான். மெத்தென்ற பருத்தி ஷிம்மி இரண்டு மூன்று வாங்கிக் கொடுங்கள், சீருடைக்குள் போடட்டும். கம்பி வைத்த எதுவும் வேண்டாம். ஒரே ரூம் வீடு என்றால் அவள் உடை மாற்றும் நேரத்துக்கு ஒரு திரை, அந்த நேரம் அப்பாவும் தம்பியும் வெளியே என்று ஒரு சட்டம். குளியலறையில் கதவைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

இப்போது டியூஷன். வயிற்றுவலி ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வருவதில்லை, டியூஷனுக்கு மட்டும் வருகிறது. அப்படியானால் தேட வேண்டிய இடம் வயிறு இல்லை. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: கோபம் வருவதற்கு முன் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், அதற்குப் பிறகு என்ன கிடைத்தது அல்லது எதிலிருந்து தப்பித்தாள். நேரமும் கிழமையும் கட்டாயம் குறியுங்கள். திட்டு, அறிவுரை எதுவும் அந்த நோட்டில் வேண்டாம். பிறகு டியூஷனில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், எத்தனை மணிக்கு விடுகிறார்கள், கடைசியில் யார் மட்டும் இருப்பார்கள் என்று நீங்களே நேரில் போய்ப் பாருங்கள்.

அவளிடம் கேட்கும்போது "யாராவது தப்பா நடந்தாங்களா?" என்று நேராகக் குத்தாதீர்கள், பயந்து இல்லை என்பாள். "டியூஷன்ல எது பிடிக்கும், எது பிடிக்காது, யார் பக்கத்துல உக்காந்தா நல்லாருக்கும்?" என்று தலை வாரும்போது கேளுங்கள். புதுசாகப் படுக்கையில் சிறுநீர் போவது, குறிப்பிட்ட ஒருவரைப் பார்த்தால் ஒளிவது, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், வயதுக்கு ஒவ்வாத பாலியல் விளையாட்டு ஆகியவை இருந்தால் காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். 2012-ன் போக்சோ சட்டப்படி பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை இருந்தால்தான் சிகிச்சை என்று சொல்லவும் முடியாது. இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: மார்பு வளர்ச்சியே இல்லாத குழந்தைக்கு ரத்தம் வந்தால் அதை "வயசுக்கு வந்துட்டா" என்று கொண்டாடிவிடாதீர்கள். அது காயமாக இருக்கலாம், தொற்றாக இருக்கலாம், உள்ளே ஏதாவது பொருள் சிக்கியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை.

அடிக்கிற நேரத்தில் செய்ய வேண்டியது குறைவு. தம்பியை நகர்த்துங்கள், வீசக்கூடியதை எடுத்துவிடுங்கள், இரண்டே வார்த்தை: "அடிக்கக் கூடாது." பக்கத்தில் உட்காருங்கள். விசாரணையும் பாடமும் அவள் அடங்கி அரை மணி நேரம் கழித்து. அந்தக் கொதிப்பில் பேசும் எதுவும் காதில் ஏறாது.

தூக்கத்தையும் பாருங்கள். இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். எடை கூடின பிள்ளை வாயைத் திறந்து குறட்டை விட்டு, நடுவில் மூச்சு தடுமாறித் தூங்கினால், பகலில் அவள் காட்டும் எரிச்சலுக்குக் காரணம் தொண்டைச் சதையாகவே இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தட்டில்_பாதி (உணவியல்):

கோழி பற்றி. கறிக்கோழி ஆறு வாரத்துக்குள் 2 கிலோ ஆவது இனத்தேர்வாலும் தீவனத்தாலும்தான். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்தில் கலந்தால் கோழி வயிற்றிலேயே செரித்துப்போகும். பல்லாயிரம் கோழிக்கு ஒவ்வொன்றாக ஊசி போட்டு எந்தப் பண்ணையும் லாபம் பார்க்க முடியாது. பாலில் ஆக்சிடோசின் என்ற பயமும் அதே கதைதான். வீட்டில் குழம்பு வைத்த கோழி, முட்டை, நெத்திலி, பால் எதையும் நிறுத்தாதீர்கள், உயரமாகிற பிள்ளைக்குப் புரதம் வேண்டும்.

பூப்போடு தொடர்புள்ளது மொத்த எடை. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், "உடம்பில் சேமிப்பு இருக்கிறது" என்று மூளைக்கு அதுதான் சொல்கிறது. கொழுப்புத் திசுவிலேயே வேறு ஹார்மோன்கள் ஈஸ்ட்ரோஜனாக மாறவும் செய்யும். 131 செ.மீ.க்கு 34 கிலோ என்றால் உடல் நிறைக் குறியீடு 19.8. பெரியவர்களுக்கு இது சரியான அளவு, 8 வயதுக்கு இது அதிகம். ஆகவே வண்டிக்கடைச் சிக்கன் 65-ஐ நிறுத்துவது நல்லதுதான், காரணம் கோழி இல்லை, திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய்.

பட்டினி போட வேண்டாம், எடை குறைக்கவும் வேண்டாம். எடை இங்கேயே நின்று உயரம் ஏறினாலே குறியீடு இறங்கிவிடும். பாட்டில் கூல்டிரிங்க்ஸ், டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, சாயங்கால பன் பட்டர் ஜாம், ராத்திரி பரோட்டா ஆகிய நாலைக் குறைத்தாலே போதும். அத்தோ (பர்மா நூடுல்ஸ்), மோமோ எல்லாம் வாரத்தில் ஒரு நாள் என்று வையுங்கள், அடியோடு தடுத்தால் ஒளிந்து தின்பாள். தினம் ஒரு மணி நேரம் ஓட்டம். வியாசர்பாடியில் பெண் பிள்ளைகள் ஃபுட்பால் ஆடுவதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், அங்கே சேர்த்துவிடுங்கள்.

உளுந்தங்களி: உளுந்து நல்லது, மறுப்பில்லை. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் சுமார் 120 கலோரி, அதற்கு மேல் கருப்பட்டி. மூன்று கரண்டி எண்ணெய் ஊற்றி தினமும் என்றால் அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு வேளைச் சாப்பாடு. களியோடு பச்சை முட்டையும் குடிக்க வைக்கும் வழக்கம் இருந்தால் அதை மட்டும் முழுசாக விட்டுவிடச் சொல்லுங்கள், சால்மோனெல்லா வந்தால் வாந்தி பேதிதான் மிச்சம்.

சார்ஜ்ஷீட்_மணலி:

கோழியை விடுங்க. மணலி, எண்ணூர் கம்பெனிப் புகைதான் காரணம்னு ஏன் யாரும் சொல்ல மாட்டேன்றீங்க?

குழந்தைநலம்_பெரம்பூர்:

தம்பி, புகையால் நுரையீரல் கெடும் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் இந்தப் பிள்ளையின் பூப்புக்குப் புகையைக் காரணம் காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. வேறொன்றைக் கவனியுங்கள்: ஈயம். பழைய பேட்டரி உருக்குவது, சர்க்யூட் போர்டு எரிப்பது, காயலான் கடை வேலை ஆகியவை வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால் ஈயம் உடம்பில் ஏறும். ஈயம் அதிகமான சிறுமிகளுக்குப் பூப்பு தள்ளிப்போனதாகத்தான் ஆய்வுகள் காட்டின, சீக்கிரம் வந்ததாக இல்லை. ஆனால் கவனமின்மை, முரட்டுத்தனம், படிப்பில் சறுக்கல் மூன்றையும் அது தரும். அந்த மாதிரி வேலை வீட்டில் இருந்தால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்பா வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது, அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

எம்கேபிநகர்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. அவங்கப்பா லாரி ஓட்டுறார், பேட்டரி வேலை எதுவும் இல்ல. சிரிப்பு வலிப்பு மாதிரியும் இல்ல, குறட்டையும் இல்ல.

டியூஷன் போய்ப் பார்த்தேன் மேடம். உயரமா இருக்கான்னு ஆறாங்கிளாஸ் பசங்க வரிசையில உக்கார வெச்சிருக்காங்க. பசங்க "ஆண்ட்டி"ன்னு கூப்பிடுறாங்களாம், ஜாக்கெட்டைப் பிடிச்சு இழுக்கிறாங்களாம். ஸ்கூல்ல அறை வாங்கின பையனும் அந்த டியூஷன் பையன்தான்.

ரிப்போர்ட்டும் வந்துடுச்சு. எல்.எச். 0.9, பக்கத்துல "குறைவு"ன்னு அச்சடிச்சிருக்கு. டி.எஸ்.எச். 2.4. எலும்பு வயசு 10. கர்ப்பப்பை 3.8 செ.மீ. குறைவுன்னா பயப்பட வேணாம்தானே?

ஓட்டேரி_லேப்:

அக்கா, அந்தக் "குறைவு" பெரியவங்க அளவோட ஒப்பிட்டு மெஷின் தானா அடிக்கிறது. பதிவு பண்ணும்போது வயசைச் சரியாப் போட்டாலும் பல லேப்ல குழந்தைகளுக்கான அளவு சாஃப்ட்வேர்ல ஏத்தியிருக்க மாட்டாங்க. பூப்பு தொடங்காத பிள்ளைக்கு எல்.எச். லிட்டருக்கு 0.2 யூனிட்டைத் தாண்டுறதே அபூர்வம். 0.3-க்கு மேல போனா மூளையில இருந்து கட்டளை வர ஆரம்பிச்சிருச்சுன்னு எடுத்துக்குவாங்க. 0.9 குறைவு இல்ல, இந்த வயசுக்கு அதிகம். எந்த முறையில பார்த்தாங்கன்னு ரிப்போர்ட் அடியில இருக்கும். கெமிலூமினசென்ஸ்னு இருந்தா நம்பலாம். பழைய எலிசா முறைன்னா இவ்வளவு சின்ன அளவுல தடுமாறும், திரும்பப் பாருங்க.

குழந்தைநலம்_பெரம்பூர்:

லேப் தம்பி சொன்னது சரி. எலும்பு இரண்டு வருஷம் முன்னே ஓடுகிறது, கர்ப்பப்பை வளர்ந்திருக்கிறது, எல்.எச். ஏறியிருக்கிறது. இது மூளையிலிருந்து தொடங்கும் வகைப் பூப்பு. எல்.எச். இரண்டும்கெட்டானாக 0.2, 0.3 என்று இருந்திருந்தால் ஊசி போட்டுத் தூண்டி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், உச்சம் 5-ஐத் தாண்டுகிறதா என்று. உங்களுக்கு அது தேவைப்படாமலே போகலாம்.

இனி பூப்பை நிறுத்தும் ஊசி வேண்டுமா என்ற கேள்வி. இதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும், ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்று குழம்பாதீர்கள். உயரக் கணக்கைப் பாருங்கள்: அப்பா 166, அம்மா 152, கூட்டி 13-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 152.5, அதுதான் அவளுடைய குடும்ப உயரம். எலும்பு வயது 10-ல் ஒரு பெண் தன் இறுதி உயரத்தில் ஏறத்தாழ 86 சதவீதத்தைத் தொட்டிருப்பாள். 131-ஐ அதால் வகுத்தால் 152 வருகிறது. அதாவது இன்றைய நிலவரப்படி உயரம் பறிபோகவில்லை. ஆனால் எலும்பு இதே வேகத்தில் முதிர்ந்தால் வளரும் காலம் குறைந்து, அடுத்த எக்ஸ்ரேயில் இந்த எண் இறங்கும். மொட்டு வந்து இரண்டு, இரண்டரை வருஷத்தில் மாதவிடாய் வருவது வழக்கம், வேகமாகப் போகிறவர்களுக்கு அதற்கும் முன்னால். அவள் நாலாம் வகுப்பில் இருக்கும்போதே வரலாம். 6 வயதுக்கு முன் தொடங்கினவர்களுக்கு ஊசியால் உயர லாபம் நன்றாகக் கிடைக்கும். 6-க்கும் 8-க்கும் இடையில் ஓரளவு, 8-ஐத் தாண்டித் தொடங்கினால் அதிகம் இல்லை. என் அபிப்பிராயம், உங்கள் பெண் விஷயத்தில் முடிவை உயரம் மட்டும் தீர்மானிக்கக் கூடாது, மாதவிடாயைச் சமாளிக்கும் பக்குவமும் சேர்ந்துதான். வேகமும் இருப்பதால் நான் ஊசிப் பக்கம் சாய்வேன்.

கொடுப்பது லூப்ரோலைடு அல்லது டிரிப்டோரெலின். லூப்ரோலைடு என்றால் 28 நாளுக்கு ஒரு முறை 3.75 மி.கி., அல்லது 3 மாதத்துக்கு ஒரு முறை 11.25 மி.கி. முதல் ஊசிக்குப் பிறகு சில நாள் ஹார்மோன் ஏறித்தான் இறங்கும். அதில் இரண்டு மூன்று வாரத்தில் லேசாக ரத்தம் படலாம், அதை மருந்து தோற்றது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். தேதி தள்ளிப்போவதுதான் உண்மையான தோல்வி. திருவிழா, ஊருக்குப் போவது என்று இரண்டு வாரம் தவறினால் எல்லாம் மறுபடி விழித்துக்கொள்ளும். பொதுவாக 11 வயதுவாக்கில் நிறுத்துவார்கள், ஏறக்குறைய ஒரு வருஷத்தில் மாதவிடாய் இயல்பாக வரும். பிற்காலத்தில் குழந்தைப்பேற்றைக் கெடுக்கும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

பள்ளி_ஆலோசகர்_தண்டையார்பேட்டை:

"ஆண்ட்டி" என்று கூப்பிடுவதும், துணியைப் பிடித்து இழுப்பதும் கேலி இல்லை, தொல்லை. டியூஷன் வரிசையை இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள், மாற்றவில்லை என்றால் டியூஷனையே மாற்றுங்கள். ஸ்கூல் மிஸ்ஸிடம் இந்த விவரத்தைத் தனியாகச் சொல்லுங்கள். அறைந்ததற்கு அவள் ஒருத்தியை மட்டும் மன்னிப்புக் கேட்க வைக்கக் கூடாது. அவளிடம் "நீ அடிச்சது தப்பு, ஆனா கோபம் வந்தது நியாயம். அடுத்த தடவை இழுத்தா கத்து, மிஸ்கிட்ட ஓடு, வீட்ல சொல்லு" என்று மூன்றையும் நடித்துப் பழக்குங்கள்.

எம்கேபிநகர்_அம்மா:

வேற டியூஷன்ல சேர்த்துட்டேன், லேடி டீச்சர். ஊசிக்கு முன்னால எம்.ஆர்.ஐ. எடுக்கணும்னு எழுதியிருக்காங்க, மூளைக்கா? அப்புறம் ஊசிக்கு முன்னாலயே வயசுக்கு வந்துட்டா என்ன பண்றது? மாமியார் ஃப்ளெக்ஸ் அடிச்சு மண்டபம் பிடிக்கணும்ன்றாங்க.

செவிலி_ராயபுரம்:

அக்கா, ஃப்ளெக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். மூணாம் கிளாஸ் பிள்ளையோட படத்தைத் தெருமுனையில் கட்டி "பூப்புனித நீராட்டு" என்று போட்டால், அந்த டியூஷன் பசங்களுக்கு நாமே விஷயத்தைச் சொல்லிக் கொடுத்த மாதிரி. அத்தையிடம் "டாக்டர் இன்னும் வயசுக்கு வந்ததா சொல்லல, ஊசி நின்ன பிறகு முறையாச் செய்வோம்" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, அவங்க மரியாதையும் கெடாது. வேண்டுமானால் வீட்டுக்குள்ளே மஞ்சள் தண்ணீர், ஒரு புதுப்பாவாடை, அவ்வளவுதான். நாள் கணக்கில் ஸ்கூலுக்கு அனுப்பாமல் ஓலைக்குடிசையில் உட்காரவைக்க வேண்டாம்.

இப்பவே பழக்க வேண்டியது நாப்கின். சின்ன சைஸ் ஒன்றை எடுத்து ஜட்டியில் ஒட்டிக் காட்டுங்கள், அவளே இரண்டு தடவை ஒட்டி எடுக்கட்டும். ரத்தம் வந்தால் காயம் இல்லை, யாரும் அடிக்க மாட்டாங்க, மிஸ்கிட்ட "வயிறு வலிக்குது, அம்மாவைக் கூப்பிடுங்க"ன்னு சொன்னாப் போதும் என்று ஒரே வாக்கியமாகச் சொல்லிக் கொடுங்கள். பையில் ஒரு பவுச்: நாப்கின் இரண்டு, மாற்று ஜட்டி ஒன்று, பழைய நியூஸ் பேப்பர். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றணும். 8 வயசுக்கு அது ஞாபகம் இருக்காது, அதனால் மிஸ் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை கூப்பிட்டு அனுப்பும்படி பேசி வையுங்கள்.

எம்.ஆர்.ஐ. மூளைக்குத்தான், பிட்யூட்டரியும் ஹைப்போதலாமஸும் பார்க்க. 6 வயசுக்கு முன்னால் ஆரம்பித்த பெண் பிள்ளைகளுக்குக் கட்டாயம். உங்க பொண்ணு வயசுக்கு டாக்டர் முடிவு. தலைவலி, பார்வைக் கோளாறு, வலிப்பு இருந்தால் எந்த வயசிலும் எடுப்பாங்க. எக்ஸ்ரே மாதிரிக் கதிர்வீச்சு கிடையாது. அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்கணும், தடதடன்னு பெருஞ்சத்தம் வரும். யூடியூபில் அந்தச் சத்தத்தைப் போட்டுக் கட்டிலில் அசையாமல் படுக்கும் விளையாட்டு விளையாடிப் பழக்கினால் மயக்க மருந்தைத் தவிர்க்கலாம். மயக்கம் கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணியிலிருந்து சாப்பாடு தண்ணீர் கூடாது என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கம்மல், கொலுசு, ஹேர்பின், தாயத்து எல்லாத்தையும் வீட்டிலேயே கழட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்க. அரைஞாண் வெள்ளியா இருந்தால் அதையும். பிறந்ததிலிருந்து கழட்டாத கம்மல் திருகாணி அங்கே போய்த்தான் இறுகி நிற்கும், முந்தின ராத்திரியே தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் திருகி வையுங்கள்.